குழுவாக வீடியோ எடுக்கிறீர்களா?

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா பற்றி ஐந்து மாணவர்கள் சேர்ந்து 5 நிமிடப் படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம்.

1. பேட்டி, கேமரா, ஒலி, எடிட்டிங், பின்னணிக் குரல் என எல்லா வேலையையும் முதல் நாளே ஒரு தாளில் பெயரோடு எழுதுங்கள். எழுதாத வேலை கடைசியில் பொறுப்பான பிள்ளையின் தலையில்தான் விழும்.

2. எடிட்டிங்கை இருவருக்குக் கொடுங்கள். படப்பிடிப்பு ஒரே நாளில் முடிந்துவிடும்; எடிட்டிங் பல ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும்.

3. அதிகாலைப் படப்பிடிப்பை உள்ளூர்க்காரர் ஏற்கட்டும். வாணலியில் பால் சுண்டி, கரண்டியில் ஒட்டித் திரளும் அந்த நிமிடம், ராஜபாளையத்திலிருந்து பஸ் வரும்வரை காத்திருக்காது. பஸ்ஸில் வருபவர் மதியப் பேட்டிகளை எடுக்கலாம்.

4. மாணவிகளிடம் எழுத்து வேலையை மட்டும் தள்ளாதீர்கள். கேமராவைத் தொட்டால்தான் கை பழகும்.

5. படத்தின் முடிவில் பெயரோடு செய்த வேலையையும் போடுங்கள். ஆசிரியர் மதிப்பெண் போட உதவும்.