குமிழும் விளக்கும்

விளக்கை ஏற்றுதலும் அணைத்தலும் எளிய செயல்கள். அதன் ஒளியை வேண்டிய அளவிற்குக் கூட்டியும் குறைத்தும் ஆளுதல் நுட்பமான செயலாகும். குமிழைத் திருகி ஒளியை ஆளும் சிறு கருவியொன்று, அளத்தலின் அருமையை நமக்கு நன்கு விளக்கும்.

இத்தாலி நாட்டின் இவ்ரியா நகரில், 2005ஆம் ஆண்டில், மாணவர் பயிலும் பொருட்டு ஆர்டுவினோ என்னும் மின்பலகை உருவாக்கப்பெற்றது. அதன் ஊனோ என்னும் வகையில், நாம் எழுதித் தரும் கட்டளைகளை வரிசையாக நிறைவேற்றும் நுண்கட்டுப்படுத்தி என்னும் சில்லு உண்டு.

குமிழின் உள்ளே வில்போல் வளைந்த கரித்தடம் ஒன்று உளது. அதன் ஒரு முனை 5 வோல்ட் மின்னழுத்தத்தோடும், மறுமுனை 0 வோல்ட்டோடும் இணைக்கப்படும். குமிழைத் திருகுந்தோறும் ஒரு தொடுமுள் அத்தடத்தின்மீது நகரும். அது நிற்கும் இடத்திற்கேற்ப, அதனிடத்துப் பெறும் மின்னழுத்தம் இடையறாது ஏறியும் இறங்கியும் மாறும்.

சில்லு எண்களையே கையாள வல்லது. ஆதலின், 5 வோல்ட்டை 1024 கூறுகளாகப் பகுத்து, முள்ளின் அழுத்தத்தை 0 முதல் 1023 வரையுள்ள ஓர் எண்ணாகக் கொள்கிறது. ஒரு கூறு ஏறத்தாழ 5 மில்லிவோல்ட் ஆகும். முள் தடத்தின் நடுவே நிற்பின், 512ஐ ஒட்டிய எண் கிடைக்கும்.

இனி, விளக்கு ஒளிரும் முறையைக் காண்போம். இங்கு விளக்காவது, தக்க மின்தடையோடு இணைத்த ஒளியுமிழ் டையோடு. சில்லு அதனை நொடிக்கு ஏறத்தாழ 490 முறை ஏற்றி அணைக்கிறது. எரியும் நேரம் மிகின் ஒளி மிகும். குறையின் ஒளி மங்கும். விரைவு மிகுதியால் இடையிடையே அணைவதைக் கண் உணர்வதில்லை. எரியும் நேரத்தைக் குறிக்கும் எண்ணோ 0 முதல் 255 வரையே செல்லும்.

புதிதாகப் பயில்வோர் பலர் இவ்விடத்தில் தவறுவர். அளந்த எண்ணை அவ்வாறே விளக்கிற்கு அளித்தால், அது 255ஐக் கடந்தவுடன் முழுவொளி மறைந்து, விளக்கு மீண்டும் மங்கலாகத் தொடங்கும். குமிழை ஒருமுறை முற்றத் திருகுவதற்குள் இங்ஙனம் நான்கு முறை ஒளி வளர்ந்து மறையும். குமிழ் பழுதென எண்ணி அதனை மாற்றினும் பயன் இராது. அளந்த எண்ணை 4ஆல் வகுத்து அளித்தால், விளக்கு குமிழின் வழி நிற்கும்.

படியால் அளந்த நெல்லை மரக்கால் கணக்கில் எழுதுவோர், தொகையை வகுத்த பின்னரே எழுதுவர். அதுபோல, ஓர் அளவையில் பெற்ற எண்ணை மற்றோர் அளவைக்கு ஏற்ப மாற்றியே வழங்குதல் வேண்டும். கருவியைக் குறைகூறுமுன் கணக்கைச் சரிபார்த்தல் பயில்வோர்க்கு நன்று.