கட்டளையும் மனச்சாட்சியும்

1969 நவம்பரில் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், ஒரு தொழிலாளி வீட்டுத் தாய் பத்திரிகையாளர் முன் தன் மனவேதனையைக் கொட்டினாள். நல்ல பிள்ளையாகத்தான் தன் மகனைப் பட்டாளத்துக்குக் கொடுத்ததாகவும், அவர்கள் அவனைக் கொலைகாரனாக்கித் திருப்பி அனுப்பிவிட்டதாகவும் சொன்னாள். அந்த மகன் வியட்நாமில் ஒரு பாதத்தை மிதிவெடிக்குப் பறிகொடுத்து வந்தவன். தாய் முறையிட்டதோ பாதத்தைப் பற்றி அன்று.

வாசகர்களே, யுத்தத்தின் சேதத்தை நாம் பிணங்களைக் கொண்டே கணக்கிடுகிறோம். வியட்நாம் போரில் மாண்ட அமெரிக்கப் படையினர் 58,000 பேருக்கு மேல். வியட்நாம் அரசு 1995இல் வெளியிட்ட கணக்கின்படி அங்கு மடிந்த பொதுமக்கள் ஏறக்குறைய 20 இலட்சம். அந்தத் தாய் சொன்ன சேதம் இவ்விரு கணக்கிலும் அடங்காது. அதை விளங்கிக்கொள்ள, அவளுடைய மகன் நின்ற இடத்துக்குப் போக வேண்டும்.

1968 மார்ச் 16, குவாங் ஙாய் மாகாணத்தின் சோன் மி கிராமம். அதன் ஒரு குறிச்சியை அமெரிக்கர் மை லாய் என்றழைத்தனர். காலை உணவு வேளை. ஹெலிகொப்டர்களில் வந்திறங்கிய 'சார்லி' கம்பனியை அங்கு எவரும் எதிர்க்கவில்லை. இருந்தும் சில மணி நேரத்துக்குள் முதியோர், பெண்கள், கைக்குழந்தைகள் என்ற பேதமின்றிச் சுட்டுத் தள்ளினர். பலரை வாய்க்காலுக்குள் தள்ளிச் சுட்டனர். வியட்நாமியர் கணக்கில் இறந்தவர்கள் 504 பேர். அமெரிக்க இராணுவத்தின் கணக்கில் 347.

இதைச் செய்தவர்கள் பிறவிக் கொடியவர்கள் அல்லர். பெரும்பாலும் இருபது வயதை ஒட்டிய இளைஞர். பல்கலைக்கழக மாணவருக்குக் கட்டாயச் சேவை ஒத்திவைக்கப்பட்ட காலம் அது. அந்த வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளே பெருமளவில் போர்முனைக்குப் போயினர். முந்திய வாரங்களில், கண்ணில் படாத எதிரியின் வெடிகளுக்குத் தோழர்களைப் பலிகொடுத்திருந்தனர். அன்று பெண்களும் பிள்ளைகளும் சந்தைக்குப் போயிருப்பார்கள், ஊரில் எஞ்சியிருப்போர் எதிரிகளே என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. எவரும் சந்தைக்குப் போகவில்லை என்பதை இறங்கியவுடனேயே கண்டார்கள். காது கேட்ட கட்டளை ஒன்று, கண் கண்ட உண்மை வேறொன்று. சிலர் சுட மறுத்தனர். இந்தியானாப் பையனோ லெப்டினன்ட் சொன்னபடி சுட்டான். சுடும்போது அழுதான் என்று உடன் நின்றவர் பின்னர் சாட்சி சொன்னார். அவனுடைய பாதம் போனது மறுநாள்.

அதே காலையில் மேலே பறந்துகொண்டிருந்தார் ஹியூ தொம்சன் என்ற 24 வயது ஹெலிகொப்டர் விமானி. கீழே நடப்பதைக் கண்டதும், தப்பியோடிய கிராமத்தவருக்கும் துரத்திவந்த தம் படையினருக்கும் நடுவே இறங்கினார். இந்த மக்களைச் சுட்டால் நம்மவரையே திருப்பிச் சுடுங்கள் என்று தம்முடன் வந்த இருவருக்கும் சொல்லிவிட்டு, மக்களை மீட்டு அனுப்பினார். வாய்க்காலில் பிணங்களுக்கிடையே அசைந்த ஒரு குழந்தையையும் தூக்கிச் சென்றனர்.

இதற்கு இரண்டாண்டுகளுக்கு மேல் முன்னரே, 1965 டிசம்பரில், இரண்டாம் வத்திக்கான் சங்கம் 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டின் 79ஆம் பிரிவில் இதைத் தெளிவாக்கியிருந்தது. மக்களை அழிக்கும் கட்டளை குற்றமானது. குருட்டுத்தனமாகக் கீழ்ப்படிந்தவன் அதனால் குற்றம் நீங்கியவனாகான். அத்தகைய கட்டளையை வெளிப்படையாக எதிர்ப்பவரின் துணிவு மிக உயர்ந்த பாராட்டுக்குரியது. (நம்மவர் எல்லாரும் இதை மனத்திற் கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. நியூயோர்க் கர்தினால் ஸ்பெல்மன் 1966 நத்தாருக்குச் சைகோன் சென்று, வெற்றியைத் தவிர வேறெதையும் எண்ணக்கூடாது என்றார். பாப்பரசர் ஆறாம் சின்னப்பரோ பேச்சுவார்த்தைக்காக மன்றாடிக்கொண்டிருந்தார்.)

பெற்றோரே, நான்காம் கற்பனையை நாம் எப்படிப் படிப்பிக்கிறோம்? பெரியோருக்குப் பாவமில்லாத காரியங்களில் கீழ்ப்படிய வேண்டும் என்பதே ஞானோபதேசம். 'பாவமில்லாத' என்ற சொல்லை நாம் அவசரமாகக் கடந்துவிடுகிறோம். சொன்னதைக் கேட்கிற பிள்ளையே நல்ல பிள்ளை என்று வளர்க்கிறோம். அந்தத் தாயும் அப்படிப்பட்ட நல்ல பிள்ளையைத்தான் கொடுத்திருப்பாள். தீயதைச் செய்யச் சொன்னால் மாட்டேன் என்று சொல்வதற்கு இருபது வயதில், துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு, புதிதாகப் பழக முடியாது.

போர் வெறுப்பு நாடெங்கும் பரவியிருந்த அமெரிக்காவிலும் மறுத்தவனுக்கு மதிப்புக் கிடைக்கவில்லை. 1971இல் லெப்டினன்ட் வில்லியம் கலி 22 பேரைக் கொன்ற குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்றபோது, அவருக்கு ஆதரவாகத் தந்திகள் வெள்ளை மாளிகையில் குவிந்தன. காவலில் கழிந்தது ஏறக்குறைய மூன்றரை ஆண்டுகள், பெரும்பாலும் வீட்டிலேயே. வேறெவரும் தண்டிக்கப்படவில்லை. சாட்சி சொன்ன தொம்சனுக்கோ துரோகிப் பட்டமும் கொலைமிரட்டலும். முப்பது ஆண்டுகள் கழித்து, 1998இல் தான் இராணுவம் அவருக்குப் பதக்கம் அளித்தது.

அதே மாதம் அவர் சோன் மி திரும்பினார். உயிர்தப்பிய பெண்களைச் சந்தித்தார். சுட்டவர்கள் ஏன் உங்களோடு வரவில்லை என்று அவர்களில் ஒருத்தி கேட்டாளாம். வந்திருந்தால் அவர்களை மன்னித்திருப்போம் என்றாளாம். தம்மால் அப்படி மன்னிக்க முடியாது என்று தொம்சன் பின்னர் ஒப்புக்கொண்டார்.