உங்கள் வீட்டிலிருந்து அணு உலை எத்தனை கிலோ மீட்டர்?

'கூடங்குளம் நமக்குப் பக்கமா, தூரமா?' வாசுதேவநல்லூரில் யாரைக் கேட்டாலும், 'அது எங்கேயோ கடலோரத்துல இருக்கு' என்பார்கள். சரியான தூரத்தை நீங்களே கண்டுபிடித்து விடலாம். பிள்ளைகளின் அட்லஸும் ஒரு ஸ்கேலும் போதும்.

தமிழ்நாட்டுப் படத்தில் உங்கள் ஊருக்கும் கூடங்குளத்துக்கும் ஒரு நேர்க்கோடு போடுங்கள். கோடு 6 செ.மீ. வந்து, படத்தின் அடியில் 1 செ.மீ.க்கு 20 கி.மீ. என்று போட்டிருந்தால் தூரம் 120 கி.மீ. வாசுதேவநல்லூருக்குக் கிடைக்கும் விடை ஏறத்தாழ இதுதான். பஸ் போகும் தூரத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். பஸ் சுற்றிப் போகும், காற்று அப்படிப் போகாது! கல்பாக்கம் நமக்கு 450 கி.மீ.க்கும் அப்பால்.

இந்தத் தூரம் என்ன சொல்கிறது?

கூடங்குளத்தில் தலா 1000 மெகாவாட் திறனுள்ள முதல் இரண்டு உலைகள் 2013-லும் 2016-லும் மின்சாரம் தர ஆரம்பித்தன. நிலையத்தைச் சுற்றி 16 கி.மீ. வரை அவசரகாலத் திட்டப் பகுதி. 1986-ல் செர்னோபில் விபத்தில் 30 கி.மீ. வரையும், 2011-ல் புகுஷிமாவில் 20 கி.மீ. வரையும் மக்களை வெளியேற்றினார்கள். ஆக, வாசுதேவநல்லூர்க்காரர்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டுமோ என்று கவலைப்பட வேண்டியதில்லை.

ஆனால் தூரம் மட்டுமே கணக்கல்ல. புகுஷிமாவில் இட்டாட்டே கிராமத்தின் பெரும்பகுதி 30 கி.மீ.க்கு வெளியே இருந்தது. காற்று அந்தப் பக்கம் அடித்து, மழையும் பனியும் சேர்ந்ததால் கதிரியக்கத் தூசு அங்கே படிந்தது. பிறகு அந்த ஊரையும் காலி செய்யச் சொன்னார்கள்.

குழந்தைக்குக் கொடுக்கும் பால்

செர்னோபில் சொல்லித் தந்த பெரிய பாடம் பால். கதிரியக்க அயோடின் புல்லில் படிந்தது. அதை மேய்ந்த மாட்டின் பால் வழியே குழந்தைகளின் தைராய்டு சுரப்பிக்குப் போனது. பல ஆண்டுகள் கழித்தும் அங்கே தைராய்டு புற்றுநோய் தென்பட்டது. அந்தப் பாலைத் தொடக்கத்திலேயே நிறுத்தியிருந்தால் எத்தனையோ பிள்ளைகள் தப்பியிருப்பார்கள்.

மகளை ராதாபுரம் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறீர்களா? அது 16 கி.மீ.க்குள் வரும் பகுதி. அவளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்:

1. எச்சரிக்கை வந்தால் வீட்டுக்குள் போய்க் கதவு, ஜன்னலைச் சாத்த வேண்டும். ரேடியோவைக் கேட்க வேண்டும்.

2. வெளியே நின்றவர்கள் உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்க வேண்டும்.

3. அறிவிப்பு வரும்வரை உள்ளூர்ப் பால், கீரை, திறந்த கிணற்றுத் தண்ணீர் வேண்டாம்.

4. பொட்டாசியம் அயோடைடு மாத்திரையை அதிகாரிகள் சொன்னால் மட்டுமே சாப்பிட வேண்டும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதலில். அயோடின் உப்பை அள்ளித் தின்பதால் பயனில்லை. காயத்துக்குப் போடும் டிஞ்சர் அயோடினைக் குடிப்பது ஆபத்து!

இன்று மாலையே அட்லஸை எடுங்கள். உங்கள் ஊரோடு, சொந்தபந்தங்கள் இருக்கும் ஊர்களையும் அளந்து குறித்து வையுங்கள். தூரம் தெரிந்துவிட்டால் வீண் பயமும் போகும், வீண் அலட்சியமும் போகும்.