நீச்சல் தெரிந்தவரையும் கடல் இழுப்பது ஏன்?

கேள்வி: நன்றாக நீந்தத் தெரிந்த பையன்கள்கூட மெரினாவில் மூழ்கிப் போகிறார்களே, ஏன்? கண்ணெதிரே ஒருவர் தத்தளித்தால் என்ன செய்வது?
(வாசகர், திருச்சி)

பதில்: கிணற்றிலும் குளத்திலும் கற்ற நீச்சல் கடலுக்குப் போதாது. மெரினாவில் கரையை விட்டுக் கொஞ்ச தூரத்திலேயே தரை சட்டென்று சரிந்துவிடும். கரையில் குவிந்த அலைநீர் குறுகிய வழியில் கடலுக்குத் திரும்பும்போது பலத்த இழுப்பு உண்டாகிறது. அதன் வேகம் நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டுவதும் உண்டு. அங்கே அலை அதிகம் உடையாது, அமைதியாகத் தெரியும். ஏமாறுவது அந்த இடத்தில்தான்.

இந்த இழுப்பு ஆளைக் கீழே அமுக்காது, வெளியே கொண்டுபோகும். எதிர்நீச்சல் போட்டுக் களைத்தவர்களே மூழ்குகிறார்கள். மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தி உதவி கேளுங்கள். தெம்பிருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலகுங்கள். பிறகு கரைக்குத் திரும்பலாம்.

தத்தளிப்பவர் பெரும்பாலும் கத்தமாட்டார். மூச்சுக்கே திணறும்போது குரல் எங்கே எழும்? பார்த்ததும் நீங்களும் குதித்துவிடாதீர்கள். மீனவர்களையோ உயிர்காப்பாளரையோ கூப்பிடுங்கள், 112-ஐ அழையுங்கள். மூடியிட்ட காலி கேன், கயிறு என்று கைக்குக் கிடைத்ததை வீசுங்கள்.

கரை சேர்த்தபின் வயிற்றை அமுக்குவது, தலைகீழாகச் சுற்றுவது எல்லாம் வேண்டாம். மூச்சில்லை என்றால் முதலில் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். பிறகு 30 முறை நெஞ்சை அழுத்தி, 2 முறை ஊதுவதை 108 ஆம்புலன்ஸ் வரும்வரை தொடருங்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது அவசியம்.