மேடை வளர்த்த பன்முகத்திறன்

நுழையும்முன்
இயலும் இசையும் கூத்தும் ஒருங்கே கூடும் கலை, இசை நாடகம். பாட வல்லார் பலர். நடிக்க வல்லாரும் பலர். இரண்டையும் விடியும்வரை ஒரே மேடையில் தாங்கி நிற்போர் சிலரே. அவர்களை உருவாக்கியது எது?

விடிய விடிய ஒரு தேர்வு
மதுரை, புதுக்கோட்டை முதலிய பகுதிகளின் கோயில் திருவிழாக்களில் ‘வள்ளி திருமணம்’ போன்ற நாடகங்கள் இரவு முழுவதும் நிகழ்த்தப்படுகின்றன. இவற்றை ‘ஸ்பெஷல் நாடகம்’ என்பர். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என ஒவ்வொரு வேடத்திற்கும் உரிய கலைஞர்கள் தனித்தனியே அழைக்கப்படுவர். கூட்டு ஒத்திகை இராது. மேடையில்தான் ஒருவரையொருவர் எதிர்கொள்வர். எனவே, தம் பாடலோடு எதிர்வேடத்தாரின் பாடலையும் அறிந்திருத்தல் இன்றியமையாதது. நாரதர் தொடுக்கும் வினாவுக்கு வள்ளி அக்கணமே விடை பகர வேண்டும். ஆர்மோனியச் சுருதியில் இணையவும், அவையின் மனநிலை அறிந்து காட்சியைச் சுருக்கவும் விரிக்கவும் தெரிய வேண்டும். குரல்வளம் மட்டுமே உடையவர் இத்தேர்வில் வெல்வது அரிது.

குரல் மாறும் பருவம்
மதுரையில் 1918இல் தோன்றிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சங்கரதாசு சுவாமிகள் ஆசிரியராக விளங்கினார். பாடல், உரையாடல், மெய்ப்பாடு ஆகிய அனைத்தையும் சிறுவர்கள் அங்குக் கற்றனர். எனினும், பாலர் சபைகள் அனைத்திற்கும் ஓர் இடர் இருந்தது. பதின்பருவத்தில் சிறுவனின் குரல் உடையும். இதனை ‘மகரக்கட்டு’ என்பர். நேற்றுவரை கதைத்தலைவனாகப் பாடியவன் இன்று அவ்வேடத்தை இழப்பான். இசையை மட்டுமே நம்பியவன் மேடையை விட்டு விலக நேரும். நடிப்பும் உரையாடலும் கைவந்தவனோ மற்றொரு வேடம் ஏற்பான்.

அச்சபையில் ஆறு வயதில் சேர்ந்தவர் தி. க. சண்முகம். அவருக்காகவே சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை இயற்றினார். இளவீரன் அபிமன்யுவாக நின்ற அச்சிறுவரே, பின்னாளில் முதுமை தளர்ந்த ஔவையாராக நடித்தார். அவ்வேடத்தின் சிறப்பு ‘அவ்வை சண்முகம்’ என அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

மேடையிலிருந்து திரைக்கு
கொடுமுடியில் 1908இல் பிறந்த கே. பி. சுந்தராம்பாள், சிறுமியாக நாடக மேடை ஏறினார். எஸ். ஜி. கிட்டப்பாவுடன் இணைந்து தமிழகத்திலும் இலங்கையிலும் புகழ்பெற்றார். கிட்டப்பா 1933இல் மறைந்தார். அவர்தம் வாழ்வில் இருள் சூழ்ந்தது. கலை அவரைக் கைவிடவில்லை. ‘நந்தனார்’ (1935) திரைப்படத்தில் ஆண்வேடம் ஏற்றார். ‘ஔவையார்’ (1953), ‘பூம்புகார்’ (1964) ஆகிய படங்களில் பாடி நடித்து நிலைபெற்றார்.

ஆடவர் ஒருவர் ஔவையானார். பெண் ஒருவர் நந்தனாரானார். வயதும் உருவமும் வகுத்த எல்லையை இருவருக்கும் பயிற்சி அகற்றியது. குரல் மாறலாம், துணை மறையலாம், மேடையே வேறாகலாம். பல திறன்களை முன்னரே ஈட்டியவருக்கு அம்மாற்றம் முடிவன்று. அடுத்த வேடத்தின் தொடக்கம்.

தெரிந்து தெளிவோம்
கே. பி. சுந்தராம்பாள் சட்ட மேலவை உறுப்பினராகவும் பணியாற்றினார். 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

கற்பவை கற்றபின்
1. உங்கள் பகுதியில் உள்ள நாடகக் கலைஞர் ஒருவரைச் சந்தித்து, அவர் ஏற்ற வேடங்களையும் அவற்றுக்காகப் பெற்ற பயிற்சியையும் கேட்டறிந்து எழுதுக.
2. ‘ஒத்திகையின்றி நடிப்பதற்கே மிகுதியான பயிற்சி வேண்டும்’ – இக்கருத்தைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.