தேடலும் தெளிதலும்

நுழையும்முன்

விளையாட்டு பொழுதுபோக்கு, பாடம் கடமை என்று பிரித்துப் பார்ப்பது நெடுநாளைய வழக்கம். கணினியின் வரவு இப்பிரிவினையை மாற்ற முயன்றது. சிறுவர்களைத் துப்பறிவாளர்களாக்கி உலகைச் சுற்றிவரச் செய்த ஒரு காணொலி விளையாட்டின் நிறைகுறைகளை இப்பாடம் ஆராய்கிறது.

விளையாட்டின் தோற்றம்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இயங்கிய புரோடர்பண்ட் என்னும் நிறுவனம், 1985ஆம் ஆண்டு ‘வேர் இன் தி வேர்ல்ட் இஸ் கார்மென் சாண்டியாகோ?’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. ‘கார்மென் சாண்டியாகோ உலகில் எங்கே இருக்கிறாள்?’ என்பது அப்பெயரின் பொருள். கார்மென் என்பவள் ஒரு திருட்டுக் கும்பலின் தலைவி. அவளுடைய கூட்டத்தார் உலகின் அரும்பொருள்களைத் திருடிக்கொண்டு நகரம் நகரமாகத் தப்பி ஓடுவர். விளையாடுபவர் ‘ஆக்மி’ என்னும் துப்பறியும் நிறுவனத்தின் பணியாளராக அவர்களைப் பின்தொடர வேண்டும்.

ஒவ்வொரு நகரிலும் வங்கி, நூலகம், துறைமுகம் போன்ற இடங்களுக்குச் சென்று அங்குள்ளோரை வினவலாம். “அவர் தம் பணத்தை யென்னாக மாற்றினார்” என்று ஒருவர் கூறுவார். யென் ஜப்பானின் நாணயம் என்று அறிந்தவர் டோக்கியோவுக்குப் பயணப்படுவர். அறியாதவர் தேடித் தெரிந்துகொள்ள வேண்டும். தவறான நகருக்குச் சென்றால் அங்கே எவரும் திருடனைப் பார்த்திருக்கமாட்டார். ஒரு வார காலத்திற்குள் வழக்கை முடித்தாக வேண்டும். பயணமும் உறக்கமும் அந்த நேரத்திலிருந்தே கழியும்.

நிறைகள்

இவ்விளையாட்டின் முதன்மையான சிறப்பு, கணினித் திரையில் இல்லாத ஒன்றாகும். விளையாட்டுப் பெட்டியினுள் நெகிழ்வட்டுடன், ‘தி வேர்ல்ட் அல்மனாக்’ என்னும் ஆண்டுத் தகவல் நூலும் வைத்து விற்கப்பட்டது. ஐயம் எழுந்தபோது சிறுவர்கள் திரையை விட்டு நூலைப் புரட்டினர். நாணயத்தைத் தேடியவரின் கண்ணில் அந்நாட்டின் மக்கள்தொகையும் தலைநகரும் பட்டன. வினா முதலில் பிறந்து, விடை பின்னர் தேடப்பட்டது. தேவையின் பொருட்டுத் தேடிய செய்தி, மனப்பாடத்திற்காகப் படித்த செய்தியைவிட நெஞ்சில் நிலைப்பது இயல்பு.

அடுத்த சிறப்பு, சட்டநெறி. திருடன் ஒளிந்திருக்கும் நகரை அடைந்துவிட்டால் மட்டும் வெற்றி கிட்டாது. அவனது முடியின் நிறம், பொழுதுபோக்கு, ஊர்தி முதலிய குறிப்புகளைத் திரட்டி, ஐயத்திற்குரிய பத்துப் பேருள் அவன் யாரென உறுதிசெய்து பிடியாணை பெற வேண்டும். பிடியாணை இல்லாமலோ, பிறர் பெயரில் பெற்றோ சென்றால் திருடன் தப்பிவிடுவான். விரைவு மட்டும் போதாது. முறையும் வேண்டும் என்பதைத் தோல்வியின் வழியே விளையாட்டு உணர்த்துகிறது.

விளையாடுபவர் எவரையும் தாக்குவதில்லை என்பதும் கருதத்தக்கது. அவர் கையிலுள்ள கருவி வினாவும் நினைவாற்றலுமே. எனவேதான் வீடுகளில் மட்டுமன்றி அமெரிக்கப் பள்ளிகளிலும் இது பரவலாக வரவேற்பைப் பெற்றது.

குறைகள்

இவ்விளையாட்டு நாடுகளை அடையாளங்களாகச் சுருக்கிவிடுகிறது. ஒரு நாடு என்பது ஒரு கொடி, ஒரு நாணயம், ஒரு நினைவுச்சின்னம் என்ற அளவில் நின்றுவிடுகிறது. யென் ஜப்பானுக்குரியது என்று கண்டறிந்த சிறுவர்க்கு, அங்கு வாழ்வோரின் உழைப்பையோ மொழியையோ அறியும் தேவை எழுவதில்லை. சொல்லையும் ஊரையும் பொருத்திவிட்டால் வழக்கு நகர்ந்துவிடும். பொருத்துதல் வேறு, புரிந்துகொள்ளுதல் வேறு.

தகவல்கள் காலத்தால் பழமையடைவது மற்றொரு குறை. 1985இல் மாஸ்கோ சோவியத் ஒன்றியத்தின் தலைநகர். 1991இல் அவ்வொன்றியமே கலைந்தது. பிராங்க், லிரா, டிராக்மா ஆகியவை அன்று பிரான்சு, இத்தாலி, கிரேக்கம் ஆகிய நாடுகளை அடையாளம் காட்டின. 2002இல் யூரோ நாணயம் புழக்கத்திற்கு வந்தபின் அம்மூன்று தடயங்களும் பொருளிழந்தன. நாணயங்களின் பெயர்களை மட்டும் மனத்தில் கொண்டவரின் அறிவும் அவற்றோடு பழமையாயிற்று. தேடும் முறையைக் கற்றவரோ புதிய தகவலையும் தேடிக்கொள்வர்.

மூன்றாவது குறை, நிறையாகக் கூறப்பட்ட பிடியாணையிலேயே உள்ளது. முடியின் நிறமும் பொழுதுபோக்கும் ஒருவரை அடையாளம் காட்டலாம். அவர் குற்றம் செய்தார் என்பதை மெய்ப்பிக்கமாட்டா. ஒரே நிற முடியுடையோர் எத்தனையோ பேர். விளையாட்டில் ஐயத்திற்குரியோர் பத்துப் பேரே என்பதால் அடையாளம் சான்றாகிவிடுகிறது. வாழ்க்கையில் அவ்வாறு தோற்றத்தைக் கொண்டு முடிவு செய்தால் குற்றமற்றவர் துன்புற நேரிடும். இவ்வேறுபாட்டை விளையாட்டு சொல்வதில்லை. உடனிருக்கும் பெற்றோரோ ஆசிரியரோதாம் சொல்ல வேண்டும்.

இன்றைய நிலை

2019இல் இவ்விளையாட்டு ‘கூகுள் எர்த்’ தளத்தில் புதுவடிவம் பெற்றது. நகரங்களைச் செயற்கைக்கோள் படங்களாகவே காணும் வாய்ப்பு அதனால் கிட்டியது. ஆயினும், ஐயம் எழுந்த நொடியிலேயே விடையைத் தரும் தேடுபொறி இன்று அதே திரையில் உள்ளது. முன்பு நூலைப் புரட்டியபோது தற்செயலாகக் கண்ணில் பட்ட பிற செய்திகளுக்கு இன்று இடமில்லை. தேடல் எளிதாகும்போது, தேடுபவர் தாமாகவே மேலும் ஒரு வினாவை எழுப்பிக்கொள்ள வேண்டியுள்ளது.

ஒரு கல்வி விளையாட்டை அளக்கும் கோல், அதில் பெற்ற வெற்றிகளின் எண்ணிக்கையன்று; விளையாடி முடித்தபின் எழும் வினாக்களே. திருடன் பிடிபட்டதும் கணினியை அணைப்பவர் ஒரு வழக்கை முடித்தவர். அவன் சென்ற ஊரைப் பற்றி மேலும் அறிய விரும்பி நூலைத் திறப்பவரே கற்றவர்.

தெரியுமா?

இவ்விளையாட்டைத் தழுவிய புவியியல் வினாடி வினா நிகழ்ச்சி, 1991 முதல் 1995 வரை அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது.

கற்பவை கற்றபின்

1. “அடையாளம் வேறு, சான்று வேறு” – இக்கூற்றைப் பாடத்தின் துணையுடன் விளக்குக.
2. நீங்கள் அறிந்த விளையாட்டு ஒன்றன் நிறைகள் மூன்றையும் குறைகள் மூன்றையும் காரணத்துடன் எழுதுக.
3. உங்கள் ஊரை அதன் பெயரைக் குறிப்பிடாமல் பிறர் கண்டறியும் வகையில் ஐந்து தடயங்களை உருவாக்குக. அவற்றுள் இரண்டேனும் அவ்வூர் மக்களின் தொழிலையும் வாழ்வையும் காட்டுவனவாக அமைக.