குளம் நிறையும்போது கிணற்றையும் காப்போம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் அமைந்த நம் கோவை வட்டாரத்தில் ஆண்டு மழை ஏறத்தாழ 700 மில்லிமீட்டரே. அதுவும் முறை பிறழ்ந்து வருகின்றது. 2016-இல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சியுற்றனவாக அறிவிக்கப்பட்டன. வேறு சில ஆண்டுகளிலோ ஒரு மாத மழை ஓரிரு நாளில் கொட்டித் தீர்ந்துவிடுகின்றது.

இந்நிலையில், 2024 ஆகஸ்டு 17-இல் தொடங்கப்பெற்ற அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் நமக்குப் பெருந்துணையாகும். காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் செல்லும் உபரி நீரில் ஆண்டுக்கு 1.5 டி.எம்.சி. அளவை 6 நீரேற்று நிலையங்கள் வாயிலாக ஏற்றி, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 ஏரி, குளம், குட்டைகளை நிரப்புவது இத்திட்டம். இவற்றுள் 971 குட்டைகளே.

எனினும் இது உபரி நீர். ஆறு வற்றிய ஆண்டில் வாராது. எனவே நல்ல ஆண்டில் நிலத்தடியில் சேர்வதே பஞ்ச ஆண்டின் முதல். அம்முதலை மாசுபடாமல் காப்பது நம் கடமை.

மாசு எவ்வாறு சேர்கிறது?

நிலத்தடி நீர் நாற்பது அடிக்குக் கீழே இருந்தபோது தோண்டிய கழிப்பறைக் குழி, அந்நீர் பத்தடிக்கு உயர்ந்தால் நீரிலேயே நிற்கும். மண் வடிகட்டுவதைப் பாறைப் பிளவுகள் வடிகட்டா. நம் பகுதியின் அடிநிலமோ கடினப் பாறை. பிளவு வழியே கழிவு கிணற்றை அடைந்தால், முதலில் வயிற்றுப்போக்கால் வாடுவோர் நம் குழந்தைகளே.

செய்ய வேண்டியன

1. குட்டையின் வரத்து வாய்க்காலைத் தூர் வாருக. வீட்டுக் கழிவுநீரும் கழிவுத் தொட்டியின் வழிநீரும் அதில் கலவாது தடுத்திடுக.

2. கழிப்பறைக் குழியின் அடிக்கும் மழைக்கால நீர்மட்டத்திற்கும் இடையே 2 மீட்டரேனும் இருத்தல் வேண்டும். இடமில்லையேல் ஆழத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டுக. கிணற்றுக்கும் குழிக்கும் இடையே 10 மீட்டருக்குக் குறையாத தொலைவு வேண்டும். பாறை நிலத்தில் இன்னும் மிகுதியாக விடுதல் நலம்.

3. கூட்டுக் குடிநீர்க் குழாய் வந்துவிட்டதென்று பழைய பொதுக் கிணற்றைக் கைவிடலாகாது. குழாய் உடைந்தாலும் மின்சாரம் நின்றாலும் அதுவே ஊரைக் காக்கும்.

4. மாதம் ஒருமுறை கயிறு விட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து பதிவேட்டில் எழுதுக. குழாயின் கடைசி முனையில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் உள்ளதா எனச் சோதித்திடுக.

இவற்றுள் பெரும்பான்மைக்குப் பெரும்பொருள் வேண்டா. ஊர் ஒற்றுமையே வேண்டும். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று கூடும் கிராம சபையில் அப்பதிவேட்டைப் படித்துக் காட்டுங்கள். தம் கிணற்றின் அளவை அறிந்த ஊர், பஞ்சம் வருமுன்பே விழித்துக்கொள்ளும்.